டிஸ்சார்ஜ் தாளில் உள்ள சொற்களுக்கு வீட்டில் என்ன பொருள்?

மேலூர்ப் பக்கத்துக் கிராமம், அப்பாவுக்கு 76 வயது, பக்கவாதம் வந்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினாறு நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். டிஸ்சார்ஜ் தாளில் இருந்து ஒரு வரிசையாகச் சொற்களை எடுத்துப் போட்டு இவற்றுக்கு அர்த்தம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்: ரைட் ஹெமிப்ளீஜியா, அஃபேசியா, ஏடிஎல் டிபெண்டென்ட், ஆர்டி ஃபீட்ஸ், ஆஸ்பிரேஷன் ரிஸ்க், ஃபோலீஸ் இன் சிட்டு, கிரேடு டூ சேக்ரல் சோர், டெலிரியம் ரிசால்வ்டு, பேலியேட்டிவ் கேர் அட்வைஸ்டு. கடைசி வரியில், "கைகழுவிட்டாங்கன்னுதான் இதுக்கு அர்த்தம்னு சித்தப்பா சொல்றாரு, அத்தை பால் ஊத்திரலாம்னு சொல்றாங்க" என்று சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் கேள்வியே அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூருக்குக் கிளம்பவேண்டும், அதற்குள் அம்மா கையில் எதை ஒப்படைத்துவிட்டுப் போகிறோம் என்று தெரியவேண்டும். அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. 31 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன், பெரும்பகுதி மதுரையில், ஆண்கள் மருத்துவ வார்டில். ஓய்வுக்குப் பிறகு படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்க் குழாய் மாற்றுவது, புண்ணுக்குக் கட்டுவது, வீட்டார்க்குச் சொல்லிக் கொடுப்பது என்று இருக்கிறேன். உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை. அவர் எவ்வளவு தேறுவார், எத்தனை நாள் இருப்பார் என்பதை இந்தத் தாளை வைத்து நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆனால் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் வீட்டில் என்ன வேலையைச் செய்யச் சொல்கிறது என்பதைத் தயங்காமல் சொல்ல முடியும்.

முதலில் மாத்திரைச் சீட்டு. ஓடி என்றால் நாளுக்கு ஒரு வேளை, பிடி இரண்டு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை, ஹெச்எஸ் படுக்கப்போகும் நேரம், ஏசி சாப்பாட்டுக்கு முன், பிசி சாப்பாட்டுக்குப் பின். இவை பழைய லத்தீன் சொற்களின் சுருக்கங்கள். இதில் எஸ்ஓஎஸ் என்பதைத்தான் வீடுகளில் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கப்பல் மூழ்கும்போது அனுப்பும் செய்தியாக நினைத்து, உயிர் போகிற நிலையில்தான் கொடுக்கவேண்டும் என்று மாத்திரையைப் பீரோவில் பூட்டி வைத்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஐயா மூன்று நாள் இடுப்பு வலியோடு முனகிக்கொண்டு கிடந்தார். அது சாதாரணப் பாராசிட்டமால். எஸ்ஓஎஸ் என்றால் தேவைப்பட்டால் கொடு என்பதுதான். எதற்குத் தேவைப்பட்டால், ஒரு நாளில் அதிகம் எத்தனை முறை, இடையில் எத்தனை மணி நேரம் விடவேண்டும் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ரைட் ஹெமிப்ளீஜியா என்றால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வலப்பக்க உடம்பை மூளையின் இடப்பக்கம் நடத்துகிறது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அந்த இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் அடுத்த சொல்லாக அஃபேசியா வந்திருக்கிறது. சொல் அகப்படாமல் போவது, அல்லது பிறர் சொல்வது முழுதாகப் பிடிபடாமல் போவது, அல்லது இரண்டும். "பேச்சு இல்ல, புரியுதான்னே தெரியல" என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சு வராத பலருக்குக் கேட்பது நன்றாகப் புரியும். எவ்வளவு புரிகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர்தான் சோதித்துச் சொல்லவேண்டும். அதுவரைக்கும் எல்லாம் புரிகிறது என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள், சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், ஆம் இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லும்படி கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். பால் ஊற்றுவது பற்றிய பேச்சைக் கட்டிலைச் சுற்றி நின்று பேசியிருந்தால், இனி அந்த அறையில் அது வேண்டாம்.

ஏடிஎல் என்பது அன்றாட வேலைகள். 1963-இல் சிட்னி கட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் ஆறு வேலைகளை வைத்து இந்த அளவுகோலை வெளியிட்டார்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலமும் சிறுநீரும் அடக்குவது, தானே உண்பது. இதில் எதையெல்லாம் ஒருவர் பிறர் கையின்றிச் செய்கிறார் என்று எண்ணுவார்கள். டிபெண்டென்ட் என்றால் அந்த வேலைக்கு இன்னொருவர் வேண்டும் என்று பொருள். என்றைக்கும் வேண்டும் என்ற பொருள் அந்தச் சொல்லில் கிடையாது, தாள் எழுதிய அன்றைய நிலை அது. கட்ஸ் கவனித்த ஒன்று எனக்கு வார்டில் ரொம்ப உதவியிருக்கிறது. தேறி வருகிறவர்களுக்கு முதலில் உண்பதும் அடக்குவதும் திரும்புகின்றன, அப்புறம் இடம் மாறுவதும் கழிப்பறையும், உடுத்துவதும் குளிப்பதும் கடைசியில். குழந்தை வளரும் வரிசையும் கிட்டத்தட்ட இதுதான். அதனால் தானே குளிக்க முடியவில்லையே என்று இப்போது வருந்தாதீர்கள். இடது கையால் காலித் தம்ளரைப் பிடிக்கிறாரா, வெளிக்கு வரும்போது முகம் மாறுகிறதா, கையைக் காட்டுகிறாரா என்று பாருங்கள். இவைதான் முதல் தடயங்கள்.

இடம் மாற்றுவதை டிரான்ஸ்ஃபர் என்று எழுதியிருப்பார்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன். விழுந்துபோன வலது கையைப் பிடித்தோ, அந்தப் பக்கத்து அக்குளில் கை கொடுத்தோ தூக்கக் கூடாது. தசை பிடிப்பு இல்லாத தோள் மூட்டு நழுவிவிடும், பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். இடுப்பில் அகலமான துணியைச் சுற்றிக் கட்டி அதைப் பிடித்து எழுப்புங்கள். பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் வரும்போது பயிற்சியை அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், தூக்குகிற முறையை அம்மாவுக்கும் செய்து காட்டச் சொல்லுங்கள்.

சேக்ரல் சோர்தான் நீங்கள் இன்றைக்கே கவனிக்கவேண்டியது. இடுப்புக்குக் கீழே, இரண்டு பிட்டத்துக்கும் நடுவில் மேலாக இருக்கும் தட்டையான எலும்புதான் சேக்ரம். மல்லாந்து படுத்தால் உடம்பின் பாரம் அதில்தான் இறங்கும். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தோலுக்கு ரத்தம் ஓடாமல் செத்துப்போவதுதான் படுக்கைப்புண். முதல் நிலையில் தோல் கிழியாது, அழுத்தி எடுத்தாலும் மாறாத சிவப்புத் தெரியும். புத்தகத்தில் சிவப்பு என்று இருக்கும், நம் நிறத்துத் தோலில் அது சிவப்பாகத் தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கருத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரியாமல் எத்தனையோ பேருக்கு முதல் நிலையைத் தவறவிட்டிருக்கிறோம், நானும் என் முதல் வருடங்களில் தவறவிட்டிருக்கிறேன். இரண்டாம் நிலையில் மேல்தோல் உரிந்து ஆழமில்லாத புண் அல்லது கொப்புளம். மூன்றில் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வரை போகும், நான்கில் தசையும் எலும்பும் தெரியும். உங்கள் அப்பாவுக்கு இரண்டு. பாரம் விலகினால் சில வாரங்களில் ஆறக்கூடியது. பாரம் விலகாவிட்டால் எந்தக் களிம்பும் ஆற்றாது.

பாரம் விலக்குவது என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுவது. முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பு எலும்பில் புதுப் புண் வரும், அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பாதி சாய்வாக வையுங்கள். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை. மேலே நகர்த்தும்போது இழுக்காதீர்கள், இழுப்பிலேயே தோல் உரியும். பழைய பருத்தி வேட்டியையோ துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சுங்குடிச் சேலையையோ நாலாக மடித்து இடுப்புக்கடியில் விரித்து, இரண்டு பக்கமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். காற்று மெத்தை வாங்கிவிட்டோமே என்கிறார்கள். வாங்கினால் நல்லதுதான், ஆனால் அதில் படுக்க வைத்தாலும் பக்கம் மாற்றவேண்டும். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தை உட்காரக் கொடுக்காதீர்கள், ஓட்டையைச் சுற்றி ரத்தம் நின்று புண் பெரிதாகும். கருத்த இடத்தைத் தேய்த்து விடாதீர்கள். புண்ணில் பவுடர், மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம், உப்புத் தண்ணீர் மருந்தால் கழுவி, சொல்லிக் கொடுத்தபடி கட்டினால் போதும். நாற்றம் வந்தாலோ, கருப்பாகச் செத்த தோல் தெரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் காட்டுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். குழாய் வழியே போகிற கஞ்சியில் அது எங்கிருந்து வரும் என்று உணவியல் நிபுணரிடம் கேளுங்கள், வெறும் அரிசிக் கஞ்சியும் இளநீரும் போதாது.

ஆர்டி என்பது ரைல்ஸ் டியூப், மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகிற குழாய். ஆஸ்பிரேஷன் என்பது சோறோ தண்ணீரோ எச்சிலோ உணவுக்குழாயில் போகாமல் மூச்சுக்குழாயில் போவது. நாம் புரை ஏறுவது என்போம். ஆனால் நமக்குப் புரை ஏறினால் இருமித் தள்ளிவிடுவோம். பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு அந்த இருமலே வராது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலும் மூச்சிரைப்புமாகத் தெரியும். குரல் தண்ணீரில் பேசுவதுபோல் கரகரத்தால் அது ஒரு அறிகுறி. நிறையப் பேர் நினைப்பதற்கு மாறாக, கெட்டியான உணவைவிடத் தண்ணீர், பால், காபி போன்றவைதான் இவர்களுக்கு ஆபத்து. நீர்மம் வேகமாக ஓடிவிடும், தொண்டை மூடுவதற்குள் உள்ளே போய்விடும்.

அத்தை சொன்ன பாலைப் பற்றி இங்கேதான் சொல்லவேண்டும். கடைசி நேரத்தில் வாயில் பால் விடுவது நம் பக்கத்தில் அன்பின் வழக்கம். என் அப்பத்தாவுக்கு நானே விட்டிருக்கிறேன். ஆனால் உங்கள் அப்பா கடைசி நேரத்தில் இருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. விழுங்கத் தெரியாத ஒருவரை மல்லாக்கப் படுக்க வைத்து வாயில் பால் ஊற்றினால் அது நேரே நுரையீரலுக்குப் போகும், மூச்சுத் திணறும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் ஆவி பிரிகிறது என்பார்கள். அத்தையிடம் இதைக் கோபமில்லாமல், இதே காரணத்தோடு சொல்லுங்கள். அவர் கேட்டு விலகுவார் என்றே நம்புகிறேன். அவருக்கும் ஏதாவது செய்யவேண்டும் என்றிருக்கும். சுத்தமான மெல்லிய துணியை வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, காலையும் இரவும் அப்பாவின் வாயையும் நாக்கையும் பல்லையும் துடைத்துவிடச் சொல்லுங்கள். குழாயில் சாப்பிடுகிறவர்களுக்கு வாய்ச் சுத்தம் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். வாயில் சேருகிற கிருமி எச்சிலோடு இறங்கித்தான் பல பேருக்கு நிமோனியா வருகிறது.

குழாயில் ஊற்றும்போது தலைப்பக்கம் முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி உயர்ந்திருக்கவேண்டும், ஊற்றி முடித்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கவேண்டும். மூக்கின் நுனியில் குழாயில் எந்த எண் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து எழுதி வையுங்கள், ஒவ்வொரு முறையும் அதே எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊற்றவேண்டும். குழாய் வெளியே வந்திருந்தால் வீட்டில் யாரும் திருப்பிச் செருகக் கூடாது. சிரிஞ்சை அழுத்தித் தள்ளாமல் உயரத்தில் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள், முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர் என்று எழுத்து இருந்தால் அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவேண்டியது. பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும். அப்படி ஏதாவது இருந்தால் பொடிக்கக்கூடிய வேறொன்றை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு விஷயம் உறுதியானது: பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கும் சக்தி பலருக்கு முதல் சில வாரங்களிலேயே திரும்புகிறது. உங்கள் அப்பாவுக்குத் திரும்புமா என்பதைச் சோதித்துத்தான் சொல்லமுடியும். அந்தச் சோதனைக்கு நாள் குறித்தார்களா என்று பாருங்கள், குறிக்கவில்லை என்றால் குறிக்கச் சொல்லுங்கள்.

ஃபோலீஸ் என்பது சிறுநீர்க் குழாய், இன் சிட்டு என்றால் வைத்தது வைத்தபடி இருக்கிறது. அதன் நுனியில் ஒரு சின்ன பலூன் தண்ணீரால் ஊதப்பட்டு மூத்திரப்பைக்குள் நிற்கிறது, அதனால் இழுபட்டால் ரத்தக்காயம்தான். வெளியே உள்ள பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவேண்டும், தரையில் படக் கூடாது, கட்டிலில் தூக்கி வைக்கக் கூடாது. பக்கம் மாற்றும்போதும் கவனம். சாதாரண லேடெக்ஸ் குழாயா, முழு சிலிக்கானா என்று கேளுங்கள். முதலாவதை இரண்டு முதல் நான்கு வாரத்தில் மாற்றுவார்கள், இரண்டாவது பன்னிரண்டு வாரம் வரை போகும். நான்கைந்து மணி நேரம் பையில் ஒன்றும் இறங்காமல் அடிவயிறு உப்பினால் உடனே காட்டவேண்டும். சிறுநீர் கலங்கலாக இருப்பதை மட்டும் பார்த்துக் கடையில் ஆண்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். குழாய் வைத்தவர்களின் சிறுநீரில் கிருமி இருப்பது சாதாரணம், காய்ச்சலோ நடுக்கமோ குழப்பமோ சேர்ந்தால்தான் வைத்தியம். எல்லாவற்றையும்விட, இந்தக் குழாய் இன்னும் எதற்கு, எப்போது எடுக்கலாம் என்று கேளுங்கள். யாரும் கேட்காததாலேயே மாதக்கணக்கில் இருந்துவிடும் குழாய்கள் நிறைய.

டெலிரியம் என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆறாம் நாள் இரவில் குழாயைப் பிடுங்கினார், சுவரைப் பார்த்துக் கையை ஆட்டினார், பகலெல்லாம் தூங்கினார், புத்தி பேதலித்துவிட்டதாக நினைத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் டெலிரியம். திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வரும் மனக்குழப்பம். காலையில் தெளிந்ததுபோல் இருந்து பொழுது சாய்ந்தால் கூடும். டிமென்ஷியா என்கிற முதுமை மறதி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. இரண்டையும் ஒன்றாக எண்ணி, "வயசாயிருச்சு, நெனப்பு தப்பிருச்சு" என்று விட்டுவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. டெலிரியத்துக்கு உடம்பில் ஒரு காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் உப்புச்சத்து குறைவது, நீர் வற்றுவது, மலம் இறுகிப்போவது, குழாய் அடைபட்டு மூத்திரம் கட்டுவது, தூக்க மாத்திரை, சில சளி மாத்திரைகள். காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிவார்கள். ரிசால்வ்டு என்றால் தெளிந்துவிட்டது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமான மந்தம் சில வாரங்கள் நீடிக்கலாம். திரும்ப வந்தால் அதை அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். சத்தம் போடுகிற டெலிரியத்தை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். சத்தமில்லாத இன்னொரு வகை உண்டு. வழக்கத்தைவிட அதிகம் தூங்குவார், கூப்பிட்டால் கண் திறந்து மூடுவார், வீட்டில் நிம்மதியாக உறங்குகிறார் என்பார்கள். அதுதான் அதிகம் தவறிப்போவது.

இதில் மருத்துவமனையில் கேட்கிற கேள்விகளைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. குழப்பம் இருக்கிறதா என்று சோதிக்க வரும் மருத்துவர்கள், "இன்னைக்கு என்ன தேதி, என்ன கிழமை" என்று கேட்பார்கள். ஒரு முறை அழகர்கோவில் பக்கத்து விவசாயி ஒருவர் தேதி தெரியாமல் விழித்தார், குழப்பம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். நான் போய், "அழகர் ஆத்துல எறங்கியாச்சாய்யா?" என்றேன். "எறங்கி ஒம்பது நாளாச்சே தாயி, இந்த வருசம் தண்ணி பத்தல" என்றார். கணக்கு மிகச் சரி. வாழ்நாளில் காலண்டர் தேதியால் அவர் நாளை எண்ணியதில்லை. உங்கள் அப்பா நாளை எதனால் எண்ணுவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், இரவில் சின்ன விளக்கு எரியட்டும், கண்ணாடி போடுகிறவரென்றால் போட்டு விடுங்கள், யார் அறைக்குள் வந்தாலும் பெயரையும் உறவையும் சொல்லிக்கொண்டு வரட்டும்.

ஹோம் நர்ஸ் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே ஹோம் நர்ஸ் என்று அனுப்பப்படுகிறவர்களில் பலர் செவிலியர் படித்தவர்கள் இல்லை, சில வாரமோ சில மாதமோ பயிற்சி பெற்ற உதவியாளர்கள். குறையாகச் சொல்லவில்லை, குளிப்பாட்டவும் பக்கம் மாற்றவும் அவர்களைப்போல் பொறுமையானவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் குழாய் போடவும் ஊசி போடவும் அவர்களைக் கேட்கக் கூடாது. செவிலியர் என்றால் மாநில செவிலியர் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், கேட்டால் சொல்வார்கள். உங்களுக்குத் தேவை பெரும்பாலும் இரவில் ஒரு உதவியாளரும், வாரத்தில் ஒன்றிரண்டு முறை ஒரு செவிலியரும்.

இனி பேலியேட்டிவ் கேர். அரசுத் திட்டத்தில் இதை நோய் ஆதரவுச் சேவை என்கிறார்கள், நல்ல பெயர். வலி, மூச்சுத்திணறல், புண், வாந்தி, பயம், குடும்பத்தின் தவிப்பு இவற்றைக் குறைப்பதற்கான வைத்தியம் அது. நோயைக் குணப்படுத்தும் வைத்தியம் நடக்கும்போதே கூட நடக்கலாம். பிசியோதெரபியோடும் ரத்தக்கொதிப்பு மாத்திரையோடும் சேர்ந்தே நடக்கும். ஹாஸ்பிஸ் என்பது வேறு, அது வாழ்வின் கடைசிக் கட்டத்துக்கானது. ஆகவே சித்தப்பா சொன்னது அந்தச் சொல்லின் பொருள் இல்லை, இது உறுதி. ஆனால் அந்த மருத்துவர் எந்தக் கருத்தில் எழுதினார் என்பது எனக்குத் தெரிய வழியில்லை. சிலர் சரியான பொருளில் எழுதுவார்கள், சிலர் "இனி எங்களால் ஆவதில்லை" என்பதை நேரே சொல்லக் கூசி இந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள். நேரில் போய் இப்படிக் கேளுங்கள்: அப்பா இன்னும் தேறுவார் என்று எதிர்பார்க்கிறீர்களா, எதில்? நிமோனியா வந்தால் திரும்பக் கூட்டி வரவேண்டுமா? எந்த மாத்திரையை நிறுத்தலாம்? இந்த மூன்று பதிலிலும் அவர் மனதில் இருப்பது வெளியே வந்துவிடும்.

டிஎன்ஆர் என்ற சொல் உங்கள் தாளில் இல்லை, ஆனாலும் ஒருநாள் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். இதயம் நின்றால் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சி வேண்டாம் என்பது மட்டுமே அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் அதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவோ வலி மருந்தோ காய்ச்சலுக்கு வைத்தியமோ நிறுத்தப்படும் என்று அதற்குப் பொருள் கிடையாது. ஒருவர் சுயநினைவோடு இருக்கும்போதே தன் கடைசி வைத்தியம் பற்றி எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது, 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அலுவலரோ சான்றளித்தால் போதும் என்றது. மதுரை, விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களில் தலைக்கூத்தல், அதாவது படுத்த படுக்கையான முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடுவது, என்ற பேச்சை நான் காதால் கேட்டவள். படுத்துக் கிடக்கிற பெரியவர்களும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாலே கண் கலங்கிய ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். அது கொலை. டிஎன்ஆருக்கும் நோய் ஆதரவுச் சேவைக்கும் அதோடு எந்த உறவும் இல்லை, வீட்டில் யாராவது இரண்டையும் கலந்து பேசினால் அங்கேயே நிறுத்துங்கள்.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள், 70 வயது, சுகர் உண்டு என்று. இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றச் சொல்லிவிட்டு, இரவெல்லாம் அவர் ஒருவரே அதைச் செய்யவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ரெஸ்பைட் என்றொரு சொல் உண்டு, பார்த்துக்கொள்கிறவருக்குக் கொடுக்கும் ஓய்வு. வாரத்தில் இரண்டு இரவு சித்தப்பா வீட்டுப் பிள்ளை ஒருவர் வந்து படுத்தாலும் அது ரெஸ்பைட்தான். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாளைக்கே டிஸ்சார்ஜ் தாளோடு போய் மக்களைத் தேடி மருத்துவத்தில் அப்பாவைப் பதிவு செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், நோய் ஆதரவுச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவது அதில் சேர்த்தி. அம்மாவின் சுகரையும் வீட்டிலேயே பார்ப்பார்கள். வேறு யோசனை வேண்டுமென்றால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, கட்டணம் இல்லை.

கிளம்பும் முன் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள்: மூக்குக் குழாய் எண், இரண்டு குழாயும் வைத்த தேதி, மாற்றவேண்டிய தேதி, வாய் வழியாக எதுவும் கூடாது என்ற வரி. அம்மாவுக்குப் படிக்க வராதென்றால் மாத்திரை டப்பாக்களில் சூரியனும் நிலாவும் வரைந்துவிடுங்கள். அப்புறம் அப்பா பக்கத்தில், அவருக்கு இடப்புறமாக உட்கார்ந்து, திரும்ப என்றைக்கு வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். தேதியாகச் சொல்லாமல், இன்னும் எத்தனை சந்தைக்கிழமை கழித்து என்பதுபோல் அவர் எண்ணுகிற கணக்கில் சொல்லுங்கள்.